கட்டைவிரல் கணக்கு

எங்க நைனாவின் வலது கட்டைவிரல் ஹார்பரில் போனது, கம்பிவடத்துக்கும் கப்பல் தட்டுக்கும் நடுவே. ராயபுரம் வீட்டில் அவர் டீ குடிப்பதைப் பார்க்க வேண்டும். நாலு விரல் கிளாஸைச் சுற்றும், இடது உள்ளங்கை கீழே தாங்கும்.

1924 ஜூலை 1-இல் அமலுக்கு வந்து 2025 வரை இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பிந்தைய அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12 என்று இருந்தது. கறிக்கடை விலைப்பலகை கெட்டது!

"ஜெயிச்சா மூணுல ஒரு பங்கு, தோத்தா ஒண்ணும் வேணாம்" என்றார் வக்கீல். கைக்காசு இல்லாத நைனாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் முழுக்கத் தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் வசூலில் பாதி என்று ஒப்பந்தம் போட்ட ஒரு மூத்த வக்கீலின் செயலை 1954-லேயே உச்ச நீதிமன்றம் ஒழுங்கீனம் என்றுவிட்டது. 1975-இன் பார் கவுன்சில் விதிகளும் அதைத் தடுக்கின்றன. இங்கிலாந்திலோ 1995 முதல், ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று வக்கீல் சட்டப்படியே பேசிக்கொள்ளலாம்.

இழப்பீட்டை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது என்றது நம் இழப்பீட்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. நைனா எங்கே எழுதினார்? வாய்ப்பேச்சுதான்.

பணம் வந்த அன்றே வக்கீல் பங்கைப் பிரித்து வைத்தார்கள். நோட்டு எண்ணக் கட்டைவிரல் வேணுமே. அம்மாதான் எண்ணினாள்.