தண்ணிக்கு விலை இல்ல, பாய்ச்சுறவருக்குக் கூலி உண்டு

"கோடை இலவசமா கொடுத்துட்டு எதைச் சாப்பிடுவ?" திருநெல்வேலியில் ஓப்பன் சோர்ஸ்னு சொன்னாலே இந்தக் கேள்வி வரும். தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். கடைசி, ஸ்ரீவைகுண்டம். அந்தக் காலத்தில் வயலுக்கு வந்த ஆத்துத் தண்ணியை யாரும் விலைக்கு விக்கல. ஆனா மடை திறந்து வயல் வயலா பாய்ச்சின நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் நெல் அளந்தாங்க.

மென்பொருளிலும் இதே வரலாறுதான். 1984-ல் எம்.ஐ.டி. வேலையை விட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன், அடுத்த வருஷம் ஈமேக்ஸை டேப்பில் பதிஞ்சு 150 டாலருக்கு அனுப்பினார். நெட்வொர்க் இருந்தவங்களுக்கு அது இலவசம். இல்லாதவங்க டேப்புக்குக் காசு கொடுத்தாங்க.

நம்ம நாட்டில், ருஷப் மேத்தா மும்பையில் தொடங்கிய ஃப்ராப்பே. அவங்க இஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கு. யாரும் எடுத்து ஓட்டலாம். சர்வரில் ஏத்திப் பராமரிக்கத்தான் கட்டணம். அதை ஒரு கம்பெனிக்குப் பொருத்திக் கொடுத்து வெளியாட்களும் சம்பாதிக்கலாம்.

இன்னொரு வழி, நிதியுதவி. 2024-ல் ஜெரோதா, வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கி ஃப்ளாஸ் ஃபண்ட் ஆரம்பிச்சது. ஆனா அது ஏற்கெனவே பலர் பயன்படுத்துற திட்டங்களுக்கு.

அதனால நெல்லையில் புதுசா தொடங்குறவங்களுக்குக் கிட்ட இருக்கிறது பொருத்திக் கொடுக்கிற வேலைதான். பக்கத்து அரிசி ஆலையில் இருந்து ஆரம்பிங்க. அங்க சரிசெஞ்ச பிழையை மூலத் திட்டத்துக்கும் திருப்பி அனுப்புங்க. வாய்க்காலைத் தூர்வாராம விட்டா கடைமடைக்குத் தண்ணி வராது.