கப்பலேறுதல்

கப்பலேறுதல்: மானம், மரியாதை, குடும்பத்தின் நல்ல பெயர் ஆகியவை ஊரறியப் பறிபோவதைக் குறிக்கும் பேச்சுவழக்கு. 'மானம் கப்பலேறிடுச்சு' என்றால் புலம்பல். 'மானத்தக் கப்பலேத்திட்டியே' என்றால் குற்றச்சாட்டு. எதிரில் நிற்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

கப்பல் என்னும் சொல் பிற்காலத்தில்தான் தமிழில் மேலோங்கியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்றுத் துறையில் குதிரைகளையும் வடநாட்டு வளங்களையும் இறக்கிய மரக்கலங்களை நாவாய் என்கிறது. கடல்மல்லையில் நிதிக்குவையும் யானைகளும் சுமந்து இயங்கியவை திருமங்கையாழ்வாருக்குக் கலங்கள். வங்கமும் அம்பியும் திமிலும் ஏட்டோடு நின்றுவிட, மக்கள் வாயில் கப்பல் நிலைத்தது. மலாய் மொழியும் இச்சொல்லைத் தமிழிலிருந்தே பெற்றது.

மலையாளத்தில் இச்சொல் வரவைச் சொல்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழி வந்த முந்திரி அங்கே கப்பல்மாவு, மிளகாய் கப்பல்முளகு, நிலக்கடலை கப்பலண்டி. தமிழின் இத்தொடரிலோ கப்பல் கொண்டுபோகிறது. ஏறியது கண்ணுக்கு மறையும், எளிதில் திரும்பாது, முன்பின் தெரியாத சீமைவரை போய்ச் சேரும். இழந்த மானத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அப்படிப் போனவர்களில் ஏராளமானோர் ஊர் திரும்பவேயில்லை. அவர்களை அனுப்பிவிட்டு நின்ற வீடுகளில் 'கப்பலேறிட்டான்' என்ற சொல் எவ்வளவு கனத்திருக்கும்!

'கப்பல் கவிழ்ந்த மாதிரி' என்பது இதன் உறவுத் தொடர். கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது. அதில் பொருள் இழந்த வணிகனின் துயரம் இருக்கிறது, வெட்கம் இல்லை. அதனால் அதைப் பரிவோடும் சொல்லலாம்.

கடலில்லாத காஞ்சிபுரத்தில் மானம் கப்பலேறும் தொடருக்குத் தறியோரம் நல்ல புழக்கம் உண்டு. உடலையும் கரையையும் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். கரைநாடா தள்ளப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை ஒருநாள் வராவிட்டால் வேலை நின்றுவிடும். சேலை கட்டவேண்டிய முகூர்த்த நாளோ தள்ளிப்போகாது. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் இரவு விளக்கு எரிய, "ஏங்க, பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு வந்து நின்னா நம்ம மானம் கப்பலேறிடும்" என்று சொல்லிக்கொண்டே மனைவி கரைநாடாவைக் கையில் எடுப்பாள்.