மோவாய்க்கு ஏறிய பித்தம்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படகு கரையேறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், உடைந்த பாலத்தின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீன் ஆயும் அம்மா ஒருவர் அரிவாள்மனைப் பலகையில் காலை மடித்து வைத்து உட்கார்ந்தார். இரண்டு கிலோ கொடுவா ஒன்றின் செதிலைச் சீவி, செவுளை அறுத்தெறிந்து, வயிற்றைக் கீறினார். அதுவரை விறுவிறுவென்று ஓடிய கை அங்கே வந்ததும் நிதானித்தது. குடலை மொத்தமாகப் பிடித்து இழுக்கவில்லை. ஈரலுக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து, ஒரு சின்னப் பச்சைப் பையை மல்லிகை மொட்டைக் கிள்ளுவதுபோலக் கிள்ளித் தனியே போட்டார். மீனுக்குக் காத்திருந்த பெண்ணிடம், "பித்து ஒடஞ்சா அவ்ளோதாம்மா. எத்தினி தண்ணி ஊத்திக் கழுவுனாலும் கொழம்பு கசக்கும்" என்றார். பை மணலில் உருண்டது. அதில் இருந்த கசப்புக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு கதை இருந்தது. கதை தொடங்கியது மீனில் அல்ல, மாட்டின் பித்தநீர் ஒன்று அழுகிப்போன இடத்தில்.

இந்தக் குப்பம் எவர் பெயரைச் சுமக்கிறதோ அந்தக் கர்னல் ஒல்காட், 1882-ல் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டில் ஜெர்மனியில் மிலியுஸ் என்ற வேதியியலாளர் மாட்டுப் பித்தநீரை ஆராய்ந்துகொண்டிருந்தார். பித்தநீர் மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. மாட்டின் பித்தப்பையில் உறையும் கல்லைத்தான் நம் நாட்டு மருந்துக் கடைகள் கோரோசனை என்று விற்றுவந்தன. ஆனால் பித்தநீருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. மிலியுஸ் எடுத்துக்கொண்டது புதிய பித்தநீர் அல்ல, அழுகியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வடித்துப் பார்த்தபோது, ஏற்கெனவே தெரிந்த கோலிக் அமிலத்தோடு அதன் உறவுக்கார அமிலம் ஒன்றும் கிடைத்தது. அதில் ஓர் ஆக்சிஜன் அணு குறைந்திருந்தது. ஆக்சிஜனை இழந்தது என்ற பொருளில் அதற்கு டீஆக்ஸிகோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. அணுவைத் திருடியவை பாக்டீரியாக்கள். அதே திருட்டு ஒவ்வொரு மனிதரின் குடலிலும் நாள்தோறும் நடக்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. அழுகலில் கிடைத்த பொருள் எல்லோர் வயிற்றிலும் ஏற்கெனவே குடியிருந்தது. அங்கே அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

சோப்பின் வேலை. எண்ணெய் படிந்த வாணலியில் சோப்பு என்ன செய்யுமோ, அதைத்தான் குடலுக்குள் பித்த உப்புகள் செய்தன. நெய்யும் எண்ணெயும் பெரிய உருண்டைகளாக மிதக்காமல், நுண்ணிய துளிகளாக உடைத்துச் செரிமானத்துக்குத் தயார்படுத்தின. உயிரணுவின் சவ்வும் பெரும்பாலும் கொழுப்பால் ஆனதுதான். அப்படியானால் இந்தச் சோப்பு ஓர் உயிரணுவின் மேல் பட்டால்? 1900-ல் நோய்ஃபெல்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அதைக் கண்ணாலேயே பார்த்தார். நிமோனியாக் கிருமிகள் கலந்த கலங்கல் நீரில் முயலின் பித்தநீரை விட்டார். சற்று நேரத்தில் நீர் தெளிந்துவிட்டது. கிருமிகள் ஓடிப்போகவில்லை, உடைந்து கரைந்திருந்தன. நிமோனியாக் கிருமியை அடையாளம் காண ஆய்வகங்களில் இன்றுவரை நடக்கும் சோதனை அன்று பிறந்தது. 1944-ல் நியூயார்க்கில் ஏவரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மரபுப் பண்புகளைச் சுமப்பது டி.என்.ஏ. என்று காட்டியபோதும், கிருமிகளை உடைத்து உள்ளே இருந்ததை வெளியே எடுக்க உதவியது இதே டீஆக்ஸிகோலேட்தான். அது உயிரணுவை உடைக்கும் என்பது ஆய்வகத்துக்குத் தெரிந்த உண்மை. மருத்துவமனைக்கு அந்தச் சேதி போய்ச்சேர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

இடையில் அந்த மூலக்கூறின் உருவம்கூட எல்லோரையும் ஏமாற்றியது. பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக ஹைன்ரிச் வீலாண்டுக்கு 1927-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஐந்தே ஆண்டுகளில், 1932-ல், பெர்னல் என்ற ஆய்வாளர் எடுத்த எக்ஸ்-ரே படங்கள் இந்தக் குடும்பத்து மூலக்கூறு ஒன்று எதிர்பார்த்ததைவிடத் தட்டையாக இருப்பதைக் காட்டின. வீலாண்டு வரைந்த படம் தவறு. அவரே அதைத் திருத்தி எழுதும் பணியில் இறங்கினார். நோபல் வாங்கியவரையே தடுமாற வைத்த பொருள், அடுத்து ஒரு மருந்துக் குப்பிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் நாட்டர்மான் நிறுவனம் சோயாவிலிருந்து எடுத்த பாஸ்ஃபடிடைல்கோலின் என்ற பொருளை ஊசி மருந்தாக்கியது. இரத்தக் குழாயில் கொழுப்புத் துணுக்கு அடைத்துக்கொள்ளும் ஆபத்துக்கும், இரத்தக் கொழுப்புக் கோளாறுகளுக்கும் அதை இரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். லிப்போஸ்டாபில் என்று பெயர். சோயாச் சரக்கு தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க கொஞ்சம் டீஆக்ஸிகோலேட் சேர்க்கப்பட்டது. கல்யாணத்தில் எல்லோர் கண்ணும் மாப்பிள்ளை மேல்தான் இருக்கும், கூடவே நிற்கும் தோழனை யாரும் பார்ப்பதில்லை. சோயா மாப்பிள்ளை, பித்த உப்பு தோழன். ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்திலும் அதற்குத் தோழன் வேடமே கிடைத்தது. 2021-ல் கரும்பூஞ்சை நோய்க்கு அந்த மருந்து கிடைக்காமல் குடும்பங்கள் அலைந்தபோது, அதன் பழைய வகைக் குப்பிகளிலும் மருந்தைக் கரைத்துவைத்திருந்தது இந்தப் பித்த உப்புதான். லிப்போஸ்டாபில் இரத்தக் குழாயை விட்டுத் தோலுக்கடியில் இறங்க ஒரு செருப்புத் தைப்பவரின் காது காரணமானது.

1952-ல் பிரான்ஸின் கிராமம் ஒன்றில் மிஷெல் பிஸ்தோர் என்ற மருத்துவரிடம் ஆஸ்துமா முற்றிய செருப்புத் தொழிலாளி ஒருவர் வந்தார். மூச்சுத் திணறலைத் தணிக்க, மரத்துப்போகச் செய்யும் புரோகெய்ன் மருந்தை பிஸ்தோர் ஊசியாகப் போட்டார். ஆஸ்துமாவில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் நெடுங்காலம் காது கேளாதிருந்த அந்த மனிதருக்கு மாதாகோயில் மணியோசை கேட்டது. வியந்துபோன பிஸ்தோர் காதைச் சுற்றித் தோலுக்கடியில் சின்னச் சின்னதாக ஊசி போட்டுப் பார்த்தார். நோய் இருக்கும் இடத்திலேயே, தோலின் நடு அடுக்கில், கொஞ்சம் கொஞ்சமாக மருந்து செலுத்தும் இந்த முறைக்கு மீசோதெரபி என்று பெயரிட்டார். ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் மருத்துவர்கள் விதவிதமான மருந்துகளை இப்படிப் போட்டுப் பார்த்தார்கள். 1988-ல் இத்தாலிய மருத்துவர் செர்ஜியோ மாஜியோரி, கண்ணிமை ஓரத்தில் படியும் மஞ்சள் கொழுப்புத் திட்டுகளில் லிப்போஸ்டாபிலைச் செலுத்தியதாக அறிவித்தார். திட்டு மட்டும்தான் கரையுமா?

அந்தக் கேள்விக்கு சாவோ பாவ்லோவிலிருந்து பதில் வந்தது. பிரேசில் சரும மருத்துவர் பத்ரீசியா ரித்தெஸ் கண்ணுக்குக் கீழே உப்பித் தொங்கும் கொழுப்புப் பைகளில் அந்த மருந்தைச் செலுத்தினார். கத்தி வைக்காமலே பைகள் சுருங்கின என்று 2001-ல் ஓர் ஆய்விதழில் எழுதினார். அவ்வளவுதான், காட்டுத்தீ பற்றியது. அழகு நிலையங்கள் வயிறு, தொடை, இடுப்பு, மோவாய் என்று எங்கெங்கோ ஊசியை இறக்கின. சோயாதான் கொழுப்பைக் கரைக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். எவ்வளவு போட வேண்டும், எவ்வளவு ஆழத்தில், எத்தனை முறை என்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. வீக்கம், புண், விட்டுப்போகாத கட்டிகள் என்று முறையீடுகள் எழுந்தன. 2000-களின் தொடக்கத்திலேயே பிரேசிலின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தப் பயன்பாட்டுக்குத் தடை போட்டது. அதற்குள் ஊசி எல்லை தாண்டியிருந்தது. அதை ஓர் ஆய்வகம் எதிர்கொண்டது கலிபோர்னியாவில்.

அங்கே மைக்கேல் கொலோட்னி, ஆடம் ரோடுண்டா என்ற இரு சரும மருத்துவர்களும் சகாக்களும் எளிய கேள்வியைக் கேட்டார்கள். உண்மையில் வேலை செய்வது யார்? பன்றியின் தசையிலும் கொழுப்பிலும், வளர்த்தெடுத்த உயிரணுக்களிலும் சோதித்தார்கள். ஒரு பக்கம் சோயாவும் பித்த உப்பும் சேர்ந்த முழு மருந்து. மறுபக்கம் சோயாவே இல்லாத வெறும் டீஆக்ஸிகோலேட். நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரே அழிவு. உயிரணுக்களின் சவ்வு கிழிந்து கிடந்தது. மாப்பிள்ளை சும்மா நின்றிருக்க, வேலை முழுவதையும் பார்த்தவர் தோழன்! 2004-ல் முடிவு வெளியானது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, நோய்ஃபெல்ட் 1900-லேயே பார்த்ததை உலகம் மறுபடி கண்டுபிடித்தது. மகிழ்ச்சியோடு ஒரு பயமும் வந்தது. இந்தச் சோப்பு கொழுப்பு, தசை, நரம்பு என்று பார்த்து உடைப்பதில்லை. பிறகு எப்படி இதைக் கழுத்தருகே செலுத்துவது?

பயத்தைத் தணித்தது உடலிலேயே இருந்த ஒரு காவல். இரத்தத்திலும் மற்றத் திசுக்களிலும் நிறைந்திருக்கும் அல்புமின் போன்ற புரதங்கள் டீஆக்ஸிகோலேட்டைப் பிடித்துக்கொண்டு அதன் வீரியத்தை அடக்கின. கொழுப்புத் திசுவில் புரதம் குறைவு. அதனால் அங்கே மட்டும் சோப்பு தடையின்றி வேலை செய்தது. அளவு சிறிதாக, இடம் சரியாக இருந்தால்தான் இந்தக் காவல் தாங்கும். 2005-ல் தொடங்கிய கைத்தெரா நிறுவனம் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு, விலங்கின் பித்தநீரே தேவைப்படாத செயற்கை டீஆக்ஸிகோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதனை நடந்தது. 2015 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு ஒருமனதாக ஆதரித்தது. ஏப்ரல் 29 அன்று நிர்வாகம் அனுமதி கொடுத்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் அலர்கன் நிறுவனம் ஏறத்தாழ 210 கோடி டாலருக்கு கைத்தெராவை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. அழுகிய மாட்டுப் பித்தத்தில் தலைகாட்டிய பொருள், கைபெல்லா என்ற பெயரில் மோவாயைத் தேடி வந்தது.

அடையாறு, பெசன்ட் நகர், தி. நகர் சரும நிலையங்களின் விளம்பரங்களில் 'கொழுப்பு கரைக்கும் ஊசி' என்று மின்னுவது இந்தக் கதையின் வாரிசுதான். 'ரெட்டை நாடி சரீரம்' என்பது வசதியின் அடையாளமாக இருந்த காலம் போய், அந்த இரண்டாம் நாடியைக் கரைக்க வரிசை நிற்கிறது. அனுமதி பெற்ற முறை எவ்வளவு கறாரானது என்பது விளம்பரத்தில் தெரிவதில்லை. மோவாய்க்குக் கீழே ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, புள்ளிக் கோலத்துக்கு வைப்பதுபோலப் புள்ளிகள் வைக்கப்படும். புள்ளிக்கு 0.2 மில்லிலிட்டர். ஒரு முறைக்கு 50 புள்ளிகளுக்கு மேல் கூடாது. குறைந்தது ஒரு மாத இடைவெளியில், அதிகம் போனால் ஆறு முறை. இவ்வளவு கவனத்தோடு நடந்த சோதனைகளிலேயே நூற்றுக்கு 87 பேருக்கு வீக்கம், 72 பேருக்கு இரத்தக் கன்றல். நூற்றுக்கு 4 பேருக்குத் தாடை ஓர நரம்பு அடிபட்டுச் சிரிப்பு கோணியது, 2 பேருக்கு விழுங்குவதில் சிரமம். அவை நாளடைவில் சரியாயின. உடல் எடையைக் குறைக்கும் மருந்தல்ல இது. வயிற்றுக்கோ தொடைக்கோ அமெரிக்க நிர்வாகம் இதை அனுமதிக்கவும் இல்லை. அந்தக் கோலத்தின் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்?

பதில் அதே நிர்வாகத்தின் எச்சரிக்கைகளில் இருந்தது. 2010-லேயே அது, அனுமதியில்லாத கொழுப்புக் கரைப்பு ஊசிகளைப் பற்றிப் பொய்யுரைத்த ஆறு அமெரிக்க அழகு நிலையங்களுக்குக் கடிதம் எழுதியது. பிறகு இணையத்தில் குப்பி வாங்கித் தங்களுக்குத் தாங்களே குத்திக்கொண்டவர்கள் பற்றியும், உரிமம் இல்லாதவர்களிடம் போட்டுக்கொண்டவர்கள் பற்றியும் புகார்கள் குவிந்தன. ஆறாத தழும்புகள், கடும் தொற்று, நீர்க்கட்டிகள், தோலுக்கடியில் வலிக்கும் முடிச்சுகள். குப்பிக்குள் என்ன இருந்தது என்றோ, எந்த அடுக்கில் இறங்கியது என்றோ தெரியாமல் போட்ட ஊசிகள் அவை. சோப்பு தன் வேலையைச் செய்திருந்தது. அதை எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கைதான் அங்கே இல்லை.

குப்பத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிவிட்டிருந்தது. மீன் ஆயும் அம்மாவின் பக்கத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த சிறுமி ஒரு சங்கராவை அவசரமாகக் கீறினாள். பச்சை நீர் பொசுக்கென்று தசையில் பரவியது. அவள் பதறித் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். பெரியவர் தடுத்தார். "கழுவாதடி, இன்னும் பரவும்" என்று மீனை வாங்கி, பித்து பட்ட இடத்தை மட்டும் தசையோடு சேர்த்து வெட்டி எறிந்தார். மீதியைச் சாம்பலில் தேய்த்து வைத்தார். பிறகு சிறுமியின் கட்டைவிரலைப் பிடித்து, அடுத்த மீனின் ஈரலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். இந்த முறை விரல் நிதானமாக நகர்ந்தது. பை உடையாமல் வந்தது.