ஆடியது போதும்னு ஸ்டிக்கை ஓரமா வைக்கிறீங்களா? பெண்கள் ஹாக்கியில் உதவிப் பயிற்சியாளர் ஆவது எப்படி... ஒரு வழிகாட்டி!

விடியற்காலையில நாட்றம்பள்ளி மெயின் ரோட்டுக்கு வந்து பார்த்திருக்கீங்களா? ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் டிபன் பாக்ஸோட பஸ்ஸுக்கு நிற்பாங்க. பிளஸ் டூ முடிச்ச கையோட அந்த வரிசையில் சேரும் பெண்களும் உண்டு. அவங்கள்ல யாராவது ஒருத்தர் ஸ்கூல் டீம்ல ஹாக்கி ஆடினவரா இருக்கலாம். ஸ்கூல் முடிஞ்சது, ஆட்டமும் முடிஞ்சது. ஸ்டிக் பரண் மேல போயிடும்.

ஷூ கம்பெனி வேலை ஒண்ணும் குறைஞ்ச வேலை இல்லை. இந்தப் பகுதியில் பல வீடுகள்ல அடுப்பு எரியறதே அந்தச் சம்பளத்துலதான். ஆனா, 'விளையாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?' என்ற கேள்விக்கு, 'இந்தியா டீம்ல சேரணும், இல்லைன்னா விட்டுடணும்' என்ற இரண்டு பதில்கள் மட்டும்தான் இருக்குன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கேதான் தப்பு. நடுவில் மூன்றாவது வழி ஒண்ணு இருக்கு. அதுதான் பயிற்சியாளர் வேலை. அதன் முதல் படி, உதவிப் பயிற்சியாளர்.

அசிஸ்டென்ட் கோச்சுக்கு என்ன வேலை?

தலைமைப் பயிற்சியாளர் திட்டம் போடுவார். அதை ஒவ்வொரு வீராங்கனையின் காலுக்கும் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் உதவிப் பயிற்சியாளர். வார்ம்-அப்பில் தொடங்கி கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி, பெனால்டி கார்னர் ஒத்திகை, காயம்பட்டவரைக் கவனிப்பது என்று அவருடைய நாள் போகும். ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம். அதை 15 நிமிடம் வீதம் நான்கு பகுதியாக ஆடுவார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். யார் களைத்துவிட்டார், யாரை எப்போது உள்ளே அனுப்பலாம் என்று கணக்கு வைத்துக்கொள்வதும் பெரும்பாலும் இவர்தான். ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்து, எங்கே பந்து கைவிட்டுப் போனது என்று குறிப்பெடுப்பது இன்றைக்கு இந்த வேலையில் முக்கியமான பகுதி.

இதையெல்லாம் தாண்டி இன்னொண்ணு இருக்கு. மாதவிடாய் வலி, வீட்டுப் பிரச்னை, 'அப்பா இனிமே அனுப்ப மாட்டேங்கிறார்' என்ற அழுகை எல்லாமே முதலில் வருவது இவரிடம்தான். பெண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனா நிலைமை எப்படி இருக்கு தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகம் முழுவதிலும் இருந்து வந்த பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவிகிதம்தான்!

சைக்கிள் ஃபேக்டரியில் இருந்து டோக்கியோவுக்கு

ஹரியானா மாநிலம் சோனிபட்டும் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய ப்ரீதம் சிவாச், அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்து வருகிறார். அவரிடம் வந்து சேர்ந்த நேஹா கோயலின் அம்மா சைக்கிள் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நேஹாவும் அந்த வேலையில் அம்மாவுக்குக் கைகொடுத்திருக்கிறார். இன்னொரு மாணவி நிஷா வார்சி. டெய்லரான அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட, குடும்பத்தைத் தாங்க அம்மா ஃபோம் கம்பெனி வேலைக்குப் போனார்.

இந்த இருவரும் டோக்கியோவில் இந்தியாவுக்காக ஆடினார்கள். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி நான்காம் இடம் பிடித்த அதே அணிதான். ப்ரீதமுக்கு 2021-ல் துரோணாச்சார்யா விருது கிடைத்தது. ஹாக்கியில் அந்த விருதை வாங்கிய முதல் பெண் பயிற்சியாளர் அவர்.

அந்த அணிக்கு முதலில் அறிவிக்கப்பட்ட 16 பேரில் 9 பேர் ஹரியானா பெண்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. நம்ம ஊர்ப் பெண்களுக்குத் திறமை இல்லையா என்ன? ஊருக்கு ஊர் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால்தானே திறமை வெளியே வரும்? சோனிபட்டில் நடந்தது அதுதான்.

இரண்டாவது நாற்காலியிலிருந்து முதல் நாற்காலிக்கு...

டோக்கியோவில் தலைமைப் பயிற்சியாளர் ஷோர்ட் மரைன். அவருக்குத் துணையாக ஆட்டத்தை அலசும் பயிற்சியாளராக இருந்தவர், நெதர்லாந்துக்காக 2008-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற யானெகே ஷாப்மன். மரைன் விலகியதும் 2021 ஆகஸ்டில் அவரே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம், 2023 ஆசிய விளையாட்டில் வெண்கலம், அதே ஆண்டு ராஞ்சியில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி என்று வரிசையாகப் பதக்கங்கள். ஆனால், 2024 ஜனவரியில் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது. அடுத்த மாதமே அவர் பதவி விலகினார். தலைமைப் பொறுப்பில் ஒரு பெண்ணாக மதிக்கப்படவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது பெரிய செய்தியானது. இந்த வேலையில் ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. இரண்டையும் தெரிஞ்சுக்கிட்டே வாங்க.

என்ன படிக்கணும்?

* டிகிரி: எந்தப் பாடமானாலும் சரி, முதலில் ஒரு பட்டம் முடிங்க. காலேஜ் டீம்ல ஆடுங்க. பல்கலைக்கழகப் போட்டி, மாநிலப் போட்டி என ஆடிய ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரமா எடுத்து வைங்க. பின்னாடி அதுதான் உங்களுக்கு நுழைவுச் சீட்டு.

* பி.பி.எட்., எம்.பி.எட்.: பட்டத்துக்குப் பிறகு தலா இரண்டு வருடப் படிப்பு. 1920-ல் தொடங்கப்பட்டு, சென்னை நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இரண்டும் முக்கியமான இடங்கள். பள்ளி, கல்லூரி வேலைக்கு இந்தப் படிப்பு வேணும்.

* என்.ஐ.எஸ். டிப்ளோமா: பயிற்சியாளர் வேலைக்கு இதுதான் பெரிய தகுதி. பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஒரு வருடப் படிப்பு. சேர்வதற்குப் பட்டமும் விளையாடிய தகுதியும் வேணும். இது தவிர ஆறு வார சான்றிதழ் படிப்பும் உண்டு. பெங்களூரிலும் இந்திய விளையாட்டு ஆணையமான 'சாய்' அமைப்பின் மையம் இருக்கு. நாட்றம்பள்ளியிலிருந்து சென்னையைவிட பெங்களூருதான் கிட்ட! எந்த விளையாட்டுக்கு எந்த ஊரில் வகுப்பு என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கோங்க.

* ஹாக்கி இந்தியா சான்றிதழ்: 2019-லிருந்து ஹாக்கி இந்தியா அமைப்பு படிப்படியான பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. அடிப்படை வகுப்பு, அடுத்து லெவல் 1, அதன்பிறகு சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் வகுப்புகள். வேலை பார்த்துக்கிட்டே ஒவ்வொண்ணா ஏறலாம்.

வேலை எங்கே கிடைக்கும்?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஐஸ் ஹாக்கி உட்பட ஒவ்வொரு பெண்கள் அணிக்கும் தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர்கள் என்று தனித்தனியே சம்பளத்துக்கு ஆள் உண்டு. பள்ளிகளுக்குப் போய் நல்ல வீராங்கனைகளைத் தேடிப்பிடிப்பதும் அங்கே உதவிப் பயிற்சியாளர் வேலைதான். நம்ம கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே உடற்கல்வி இயக்குநர்தான் எல்லா விளையாட்டையும் பார்க்கணும். விளையாட்டில் அக்கறை உள்ள கல்லூரிகள் பகுதி நேரப் பயிற்சியாளரை வைத்துக்கொள்கின்றன. உங்களுக்கு முதல் கதவு பெரும்பாலும் அதுதான்.

நிரந்தர வேலைக்கு 'சாய்' அமைப்பைக் கவனிங்க. அங்கே 'அசிஸ்டென்ட் கோச்' என்ற பெயரிலேயே பதவி இருக்கு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், கேலோ இந்தியா மையங்கள், பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பணி ஆகியவையும் உண்டு. நல்லா ஆடுபவர்களுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு. இந்திய பெண்கள் அணியில் பலர் ரயில்வே ஊழியர்கள்தான்.

புதுசா இன்னொரு வாசல், 2025 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் ஹாக்கி இந்தியா லீக். டோக்கியோவில் கேப்டனாக இருந்த ராணி ராம்பால், ஓய்வுக்குப் பிறகு அதில் சூர்மா அணியின் பயிற்சிக் குழுவில் இடம்பிடித்தார்.

'நம்ம ஊர்ல டர்ஃப் மைதானமே இல்லையே' என்கிறீர்களா? லடாக் பெண்களைப் பாருங்க. குளிரில் உறையும் குளங்களில் ஐஸ் ஹாக்கி பழகியவர்கள்தான் 2016-ல் முதல் சர்வதேசப் போட்டிக்குப் போன இந்திய அணியில் நிறைந்திருந்தார்கள். 2025-ல் இந்திய அணி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிவிட்டது.

சேரும் முன் கவனிங்க

* பகுதி நேர வேலையில் ஆரம்ப சம்பளம் குறைவாத்தான் இருக்கும். விடுமுறை மாதங்களுக்கு உண்டா என்று முதல் நாளே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கோங்க.

* வெளியூர்ப் போட்டிக்கு அணியை அழைத்துப் போகும்போது பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் அவசியம். தங்கும் இடத்தை நீங்களே பார்த்துடுங்க.

* பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், குழந்தைகளுக்கான 2012 போக்சோ சட்டம் இரண்டையும் படிச்சு வைங்க. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார் கமிட்டி இருந்தாகணும்.

* முதலுதவி கத்துக்கோங்க. பெற்றோரின் நம்பிக்கை பாதி அங்கேயே வந்துவிடும்.

அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை

பிளஸ் டூ முடித்த மகள் உடனே சம்பாதிக்கணும் என்ற கட்டாயம் பல வீடுகளில் உண்மை. அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால், இந்தப் பாதைக்கு மூன்று வருட டிகிரி, அதற்குமேல் ஒரு வருட டிப்ளோமா, மொத்தம் நான்கு வருடம் தேவை. அதுவரைக்கும் பக்கத்துப் பள்ளியில் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அனுபவமும் ஆச்சு, கைச்செலவுக்கும் ஆச்சு. நேஹாவின் அம்மா ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டேதான் மகளை கிரவுண்டுக்கு அனுப்பினார்.

பரண் மேல இருக்கிற அந்த ஸ்டிக்கை இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்க. தெருவுல நாலு பொண்ணுங்க கூப்பிட்டா வருவாங்க. பயிற்சியாளர் வேலைக்கு முதல் பாடம் அங்கேயே தொடங்கிடும்.