தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறை (தமிழ்நாடு)

தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறை என்பது தீ விபத்து பற்றிய அழைப்பைப் பெற்று, அருகிலுள்ள நிலையத்திலிருந்து வண்டிகளை அனுப்பும் இடமாகும். தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறைக்குரிய அழைப்பு எண் 101 ஆகும்.

ஒருங்கிணைப்பு

காவல் (100), தீயணைப்பு (101), அவசர மருத்துவ ஊர்தி (108) என எண்கள் தனித்தனியே இருந்தன. இவற்றுக்குப் பொதுவான 112 என்ற எண் பெப்ரவரி 19, 2019 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் தொடங்கப்பட்டது. அழைப்பவரின் இருப்பிடத்தைக் கணினி வழியாக அறிவது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

திருப்பூர்

பின்னலாடைத் தொழில் நகரமான திருப்பூரில் நூல், பனியன் துணி, கழிவுப் பஞ்சு ஆகியவை எளிதில் தீப்பற்றுவன. பஞ்சுப் பொதிகள் உள்ளே கனன்று, அணைத்த பின்னரும் மீண்டும் எரியக்கூடும். எனவே சில நிமிடத் தாமதமும் பெருஞ்சேதம் விளைவிக்கும். தொலைவிலுள்ள மைய அறையில் இருப்பவர் ஊரின் சந்துகளை அறியாதவராக இருக்கலாம். ஆகையால் அழைப்பவர் தெருப்பெயர், அருகிலுள்ள அடையாளம், எரியும் பொருள், உள்ளே எவரேனும் சிக்கியுள்ளனரா என்பவற்றைத் தெளிவாகக் கூறுதல் இன்றியமையாதது.