பல்லியம்

பல் + இயம் = பல்லியம். இயம் என்பது ஒலிக்கும் கருவி; அதை இசைப்பவர் இயவர். 'சொல்லுதல்' என்று இன்று நாம் கொள்ளும் 'இயம்புதல்' இதே வேரில் கிளைத்தது; பழம்பாடல்களில் முரசும் இயம்பும். புறநானூற்றின் 64ஆம் பாடலைப் பாடியவர் பெயரே நெடும்பல்லியத்தனார்! மலைபடுகடாத்தின் கூத்தர்கள் முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் என அனைத்தையும் பையிலிட்டுச் சுமந்து நடக்கிறார்கள். அந்தப் பைக்குப் பெயர் கலப்பை, அதாவது கலம் இடும் பை.

'ஆர்க்கெஸ்ட்ரா'வுக்குப் பல்லியத்தைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. எந்தக் கருவி எப்போது நுழையும், எப்போது அடங்கும் என்று வகுப்பது இசைக்கோப்பு. கோத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே சுரக்குறிப்பு எழுதுபவர். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு இசைத்தது அப்படி எழுதிய தாள்களைப் பார்த்துத்தான்.

திருப்பூர்ப் பக்கத்து நோம்பியில் (கோயில் திருவிழாவில்) தவிலும் பம்பையும் உருமியும் சேர்ந்து முழங்குவதும் பல்லியமே. அங்கே தாள் கிடையாது; கோப்பு முழுவதும் காதிலும் கையிலும் இருக்கிறது.