காது பரிசோதனை அறையில் பிறந்த இயர்போன்

காதுத் துளைக்குள் நுழைந்து வெளிச்சத்தத்தைத் தடுக்கும் இயர்போன்களை ஜிம்முக்குப் போகிறவர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்தக் கருவியின் தாய்வீடு காது பரிசோதனை அறை.

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்தது. அதனுடன் வந்த ஹெட்போன் பஞ்சுத் திண்டாகக் காதின் மேல் ஒட்டிக்கொண்டது. 1982-இல் அதே நிறுவனத்தின் எம்.டி.ஆர்-ஈ252 இயர்போன் காதுமடலின் குழிக்குள்ளேயே உட்கார்ந்தது. தலைப்பட்டை ஒழிந்ததில் ஓடுகிறவர்களுக்குச் சௌகரியம்தான். ஆனால் துளை மூடப்படவில்லை. பஸ் இரைச்சல் உள்ளே வரும், அடிநாதம் வெளியே கசியும். ஈடுகட்ட வால்யூமைக் கூட்டுவார்கள். ஆபத்து அங்கேதான். பணியிட இரைச்சலுக்கு அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான்.

மாற்று வழி காதுகேட்கும் கருவிகளின் உலகத்திலிருந்து வந்தது. அக்கருவிகளுக்கு உதிரிபாகம் செய்யும் நோல்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மீட் கில்லியன், 1983-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எட்டிமோட்டிக் ரிசர்ச்சைத் தொடங்கினார். கேட்புத்திறனைச் சோதிக்க அப்போது மாட்டிய ஹெட்போன்கள் காதை அழுத்தும். சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, அந்த அழுத்தத்தில் காதுக்குழாயே மடங்கி மூடிக்கொள்ளும். இல்லாத குறை இருப்பதாகச் சோதனை காட்டும். கில்லியன் குழுவின் ஈஆர்-3, நுரைமுனை பொருத்திய குழலைத் துளைக்குள் செருகியது. மடங்கும் தொல்லை தீர்ந்தது, அறைச் சத்தமும் வெகுவாக அடங்கியது.

1991-இல் வந்த ஈஆர்-4 அதே அறிவை இசைக்குக் கொண்டுவந்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று விளிம்புகள் அடுக்கிய ரப்பர் முனை. ஒரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மறு கையால் முனையை மெல்லத் திருகி ஆழமாக இறக்க வேண்டும். உள்ளே இருந்தது காதுகேட்கும் கருவிகளின் ஒலிப்பான்: சுருளுக்கும் காந்தங்களுக்கும் நடுவே அசையும் ஒரு சின்ன உலோக நாக்கு. ஆழமாக இறக்கச் சிரமப்பட்டவர்கள் பலர். ஆனால் சரியாக உட்கார்ந்துவிட்டால் குறைந்த வால்யூமிலேயே ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கும்.

ராக் மேடையிலும் அதே சிக்கல்தான். தன் டிரம்ஸ் சத்தத்தை மீறிக் கேட்க, மேடை மானிட்டர்களை அலறவிட வேண்டியிருந்தது அலெக்ஸ் வான் ஹேலனுக்கு. அவருடைய ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி 1995-இல், காதின் அச்சு எடுத்து, உள்ளே இரண்டு ஒலிப்பான்களை வைத்து இயர்போன் செய்துகொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது.

ஓட்டக்காரர்களின் காதுக்கு இந்தத் துளைமூடும் இயர்போன் வந்தபோது புதுத் தொல்லை முளைத்தது. துளையை மூடினால், எலும்பு வழியே வரும் அதிர்வு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஒவ்வொரு காலடியும் ‘தொம் தொம்’ என்று இடிக்கும், மூச்சு இரைந்து கேட்கும், சட்டையில் வயர் உரசுவதுகூட விழும். அரைகுறை ஆழத்தில் மூடினால்தான் இது மோசம். ஆழமாகச் செருகினால் குறையும். வயரைக் காதுமடலுக்கு மேலே சுற்றிக்கொள்ளும் மேடைப் பாடகர்களின் பழக்கமும் உரசலைத் தணிக்கும். ஆகவே வாங்குகிறவர்கள் ஒலிப்பான்களின் எண்ணிக்கையைவிட, முனை தங்கள் காதுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதே முக்கியம். அடிநாதம் மெலிந்து ஒலித்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். வேறு அளவு முனையை மாட்ட வேண்டும்.

சாலையில் இதே அடைப்பு ஆபத்தாகிறது. அமெரிக்கத் தடகள அமைப்பு 2007-இல் ஓட்டப் பந்தயங்களில் பாட்டுக் கருவிகளுக்குத் தடை விதித்து, அடுத்த ஆண்டே அதைத் தளர்த்தியது. 2019 அக்டோபரில் வந்த ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ, ரப்பர் முனையால் துளையை மூடியபடியே, மைக் வழியாக வெளி ஓசையை வேண்டும்போது உள்ளே விடும் வசதியைத் தந்தது. ஜிம்மில் அதை அணைத்துவைக்கலாம்; வண்டிகள் ஓடும் சாலையில் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.